பத்தால் வகுத்த கிணறு

ஜனவரி 9

அன்புள்ள மருமகனுக்கு,

உன் தாய்மாமன் வெட்டவெளியிலிருந்து எழுதுவது. நான் இப்போது சொல்லப்போகும் கதையை இதுவரை பிறந்த எவரும் நம்பியதில்லை. இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கும் அந்த உத்தேசம் இல்லை என்று கேள்வி. ஆகவே நீயும் சிரமப்பட்டு நம்பாதே. சாய்ந்து உட்கார்ந்து படி, போதும்.

இங்கே நானும் என் குடையும் என் இடது முழங்காலும் சௌக்கியம். வலது முழங்கால் தனிக்குடித்தனம் போய்விட்டது. அக்காவின் ரத்தக் கொதிப்பு, உன் மனைவியின் வயிற்றிலிருந்து உதைக்கும் சின்ன முதலாளி, உன் முன்வழுக்கையின் முன்னேற்றம், எல்லாவற்றையும் விவரமாக எழுது.

நீ சிபாரிசு செய்த மேற்பார்வை வேலையில் அமர்ந்துவிட்டேன். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் இடத்தைத் துப்புரவாக்கித் தரவேண்டும் என்றாய். மூடிய நூல் ஆலையின் பின்கட்டு என்று உங்கள் காகிதத்தில் சாதுவாகப் போட்டிருக்கிறது. மருமகனே, காலையில் சவரம் செய்துகொண்டு முள்புதருக்குள் நுழைந்த ஆள் மாலையில் மார்புவரை தாடியோடு வெளியே வந்தான். அவன் மனைவிக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ சாமியார் என்று கும்பிட்டாள். எலிகள் கடப்பாரையைத் தோளில் சுமந்து போகின்றன. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, அதட்டுவதற்கு ஒன்று. எல்லைக்கு ஊன்றிய முளைக்குச்சிகள் மறுநாளே துளிர்விட்டு மரமாகிவிட்டன; அவற்றின் நிழலில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

வடக்கு மூலையில், பாய்லர் அறைக்குப் பின்னால், கொடிகளை அறுத்தபோது ஒரு கிணறு தென்பட்டது. சுற்றுச்சுவர் இடிந்து போயிற்று. நல்ல அகலம். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினேன். நாற்பது அடி போயிற்று. கல் நனைந்து வந்தது. வரைபடத்தில் குறித்துக்கொள்.

அக்காவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல். திட்டினால் வாங்கி வைத்துக்கொள், வரும்போது பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முள்காட்டுச் சக்கரவர்த்தி, எலிகளின் பரம வைரி,
உன் மாமா


ஜனவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகன் எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கிறோம். உங்கள் வலது முழங்கால் சீக்கிரம் குடும்பத்தோடு சேர்ந்துவிட வேண்டும். வெயிலில் நிற்காதீர்கள்.

கடிதத்தை அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்தேன். எலி அதட்டும் இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "உங்க மாமா எது சொன்னாலும் பத்தால வகுத்துக்கோடா. சின்ன வயசுல புலி, புலின்னு அலறிக்கிட்டு ஓடி வந்தான். நாங்க கம்பெடுத்துக்கிட்டுப் போய்ப் பார்த்தா பூனை. அதுவும் குட்டி" என்றாள். நம் வீட்டில் இது பழைய சட்டம்தானே! நூறு பேர் சாப்பிட வருகிறார்கள் என்று நீங்கள் சொன்னால் அம்மா பத்துத் தட்டுதான் கழுவி வைப்பாள்.

வரைபட வேலை நடக்கிறது. வடக்கு மூலையில் நாலு அடிப் பள்ளம் என்று குறித்துவிட்டேன். ஆலைச் சுவர்களை இடிக்கும்போது வரும் கற்களையே அதில் தள்ளி நிரப்பிவிடலாம்.

மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் வேலை. மூச்சுவிட நேரமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்புள்ள
மருமகன்


பிப்ரவரி 1

மகா எஞ்சினியராகிய மருமகனுக்கு,

அவமானப்பட்ட மாமன் எழுதுவது. உடம்புக்குக் குறைவில்லை, மனத்துக்குத்தான். அக்காவிடம் சொல்: அது புலியாக வளர்வதற்கு எல்லாத் தகுதியும் உள்ள பூனை. நேரம் கொடுக்காமல் கம்பை எடுத்துக்கொண்டு வந்தது அவர்கள் தப்பு.

இங்கே ரோலர் வந்து இறங்கிவிட்டது. கூடவே அதை ஓட்டுகிறவனும். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டவன்; நான் 'கண்ணாடி' என்றே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்வதில்லை. ரோலருக்கு அடியில் ஒரு முட்டையை வைத்தால், ஓடு உடையாமல் உள்ளே இருக்கும் குஞ்சை மட்டும் எழுப்பிவிட்டு வருவான். "அண்ணே, முட்டைய நீங்க வைங்க, குஞ்சுக்கு நான் பொறுப்பு" என்கிறான். வாய்க்கு வாய் கொடுக்க ஓர் ஆள் கிடைத்தது.

ஒன்று கேள். மற்றதையெல்லாம் பத்தால் வகு, நூறால் வகு, எனக்கு ஆட்சேபணை இல்லை. கிணற்றை மட்டும் வகுக்காதே. சத்தியமாக நாற்பது அடி. உன் அம்மா தலைமேல் ஆணை. கல் போய்த் தண்ணீரைத் தொடுவதற்குள் நான் டீ குடித்து, பாக்கி சில்லறையையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றேன். அடியிலிருக்கும் தவளைகள் வெளிச்சம் என்றால் என்ன என்று பக்கத்துத் தவளையிடம் கேட்கின்றன. ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போ. பஸ் செலவு என்னுடையது.

கிணற்றைச் சுற்றி நாலு மூலையிலும் கம்பு நட்டுக் கயிறு கட்டி வைத்திருக்கிறேன்.

உன் மனைவியை நடக்கச் சொல். படுத்தே கிடந்தால் குழந்தை சோம்பேறியாகப் பிறந்து என்னைப் போல மேற்பார்வைக்குப் போய்விடும்.

கிணற்றுக் காவலன்,
மாமா


பிப்ரவரி 16

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நலம். அம்மாவுக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், இப்போது தலைசுற்றல் இல்லை. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் ஆணையை அம்மாவிடம் சொன்னேன். "அவன் சத்தியம் பண்ணினா இருபதால வகுக்கணும். என் தலைமேல பண்ணினா வகுக்கவே வேண்டாம், தூக்கிப் போட்டுடு" என்கிறாள். நான் நாலு அடியைக் குறைக்காமல் விட்டதே உங்கள் மேலுள்ள மரியாதையால்தான்! நேற்று அலுவலகத்தில் தவளைக் கதையைச் சொன்னேன். பெரிய எஞ்சினியர்கூட மேசையைத் தட்டிச் சிரித்தார்.

வர வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். டாக்டர் பிரசவம் மார்ச்சில் என்கிறார். அதற்குள் இரண்டு வரைபடங்களை முடித்தாக வேண்டும். அஸ்திவாரம் தோண்டும் நாளில் கட்டாயம் வருகிறேன். உங்கள் கிணற்றில் இறங்கி நின்று, தலை மட்டும் வெளியே தெரிய ஒரு போட்டோ எடுத்துக்கொள்வோம்.

வரைபடம் அனுப்பிவிட்டேன். எல்லாரும் அதன்படியே வேலை செய்யட்டும்.

தங்கள்
மருமகன்


மார்ச் 4

அன்புள்ள மருமகனுக்கு,

மாமன் எழுதுவது. சளி பிடித்திருக்கிறது. ஆலைச் சுவர் இடித்த தூசி. தும்மினால் செங்கல் வருகிறது. அங்கே எல்லாரும் நலம்தானே?

நடந்ததைச் சொல்கிறேன். நீ சொன்னபடி இடிபாட்டை வடக்கு மூலைக்குத் தள்ளினார்கள். நான் கயிற்றுக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். "இது பாதாளம், ஊரையே கொட்டினாலும் நிரம்பாது" என்று முழங்கினேன். முதல் லாரி கொட்டியது, பெரிய பெரிய காங்கிரீட் பாளங்கள். பெரிய சத்தம். இரண்டாவது லாரி. மூன்றாவது லாரியில் கற்கள் மேலே வந்து எட்டிப் பார்த்தன.

மருமகனே, நிரம்பிவிட்டது.

அப்புறம் கண்ணாடிதான் ஆரம்பித்தான். "என்னண்ணே, நாப்பது அடி எங்கே போச்சு? எலி தூக்கிக்கிட்டுப் போயிடுச்சா?" அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

ராத்திரி படுத்துக்கொண்டு கயிற்றை நினைத்துப் பார்த்தேன். நாற்பது அடி போனதா? போயிற்று என்றுதான் என் கை சொல்கிறது. ஆனால் அந்தக் கைதான் புலியைத் தடவிக் கொடுத்ததாக ஒரு காலத்தில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. கல் ஏதாவது வளைக்குள் போயிருக்கும், கயிறு சுருண்டிருக்கும், மீதியை நான் சேர்த்திருப்பேன். ஐம்பது வருஷமாக எல்லாவற்றோடும் கொஞ்சம் சேர்த்தே சொல்லிவந்தவன், எங்கே சேர்த்தேன், எங்கே சேர்க்கவில்லை என்று எனக்கே பிடிபடவில்லை.

காலையில் கம்பைப் பிடுங்கிக் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டேன். அக்காவிடம் சொல்லாதே. சொல்லத்தான் போகிறாய்.

நாலடி மாமா


மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள்! தாயும் குழந்தையும் நலம். அம்மா ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே உங்கள் கடிதத்தைப் படிக்கச் சொன்னாள். "நாலடி மாமா" என்ற இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனாள். சளிக்கு வெந்நீர் குடியுங்கள்.

மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள் மாமா. நீங்கள் அப்படிப் பேசாவிட்டால் எங்களுக்குத்தான் போரடிக்கும். குழந்தைக்குக் கதை சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

இனி இடத்தைச் சமப்படுத்தி ரோலர் ஓட்டலாம். வடக்கு மூலை புதிதாக நிரப்பியது. அங்கே மட்டும் கூடுதலாக ஓட்டிக் கெட்டிப்படுத்தச் சொல்லுங்கள்.

தங்கள்
மருமகன்


ஏப்ரல் 2

மருமகனே,

இன்று காலை ரோலர் வடக்கு மூலையில் உள்ளே போய்விட்டது. கண்ணாடி அதன் மேல் இருந்தார்.

கல் எல்லாம் மேலேயே மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கிணற்று வாயிலிருந்து ஓர் ஆள் ஆழத்தில் குறுக்கே இரும்பு உத்திரங்கள், பழைய பம்பு நின்ற மேடை. கொடி அடைத்துக் கிடந்ததால் நான் பார்க்கவில்லை. என் கல் இடுக்கு வழியாக இறங்கியிருக்கிறது.

கிரேன் இன்னும் வரவில்லை. உடனே புறப்பட்டு வா.

மாமா


ஏப்ரல் 27

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? உடனே எழுத முடியவில்லை. குழந்தைக்கு மஞ்சள் காமாலை மாதிரி இருந்து, இப்போது சரியாகிவிட்டது. பெரிய எஞ்சினியரே நேரில் வந்ததால் நான் வரத் தேவையில்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அவர் உங்களைப் பார்த்ததாகச் சொன்னார்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வருவார். வரைபடத்தில் இருந்ததைப் பார்த்துத்தான் எல்லாரும் வேலை செய்தார்கள். வரைபடத்தில் கையெழுத்து என்னுடையது. நீங்கள் எனக்கு எழுதியதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் எல்லாரும் எப்படி எடுத்துக்கொள்வோம் என்பதும் தெரியும்.

அவர் கேட்டால் என்ன சொல்வதாக இருக்கிறீர்கள்? இன்னது சொல்லுங்கள் என்று நான் எழுதவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அம்மா இப்போதெல்லாம் சரியாகத் தூங்குவதில்லை.

தங்கள்
மருமகன்


மே 8

அன்புள்ள மருமகனுக்கு,

மாமன் உயிரோடு இருக்கிறேன். பேத்தி தேறிவிட்டாள் என்பதைப் படித்து மனம் ஆறியது. அவள் நெற்றியில் என் சார்பில் ஒரு முத்தம் வை.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர், பொறுமையானவர். முதலில் ஆட்களை விசாரித்துவிட்டுக் கடைசியில் என்னைக் கூப்பிட்டார். தகரக் கொட்டகையில் மின்விசிறிக்கு நேராக என்னை உட்காரவைத்தார். நடந்த பேச்சை ஓர் எழுத்துக் கூட்டாமல் எழுதுகிறேன்.

"பெரியவரே, கிணறு எவ்வளவு ஆழம்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்ங்க. நாப்பது அடி. கயிறு விட்டுப் பார்த்தேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எல்லார்கிட்டயும் சொன்னேன். எஞ்சினியருக்கு எழுதினேன், ரெண்டு தடவை."

அதிகாரி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எலி கடப்பாரையத் தூக்கிட்டுப் போச்சுன்னும் நீங்கதான் சொன்னீங்களாமே?"

"ஆமாங்க."

"நட்டு வெச்ச குச்சி மரமாச்சுன்னு?"

"ஆமாங்க."

"அதெல்லாம் நிஜமா?"

"இல்லைங்க."

"இது?"

"இது நிஜம்ங்க."

"நிரப்பினப்போ நீங்களும்தான் சிரிச்சீங்களாம். நீங்களே கயித்த அவுத்தீங்களாம்."

"ஆமாங்க."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும், அக்கா பார்ப்பதுதான். "வயசான காலத்துல வேலைய விட்டுட்டு வீட்டுல இருங்க பெரியவரே" என்றார். ஆழம் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை, எதிர்பாராத விபத்து என்று எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அது பிழை என்றேன். சரி, டீ குடிங்க என்றார்.

ஆக, நான் உண்மையைத்தான் சொன்னேன். உனக்கு ஒன்றும் வராது. அக்காவைத் தூங்கச் சொல்.

மாமா


மே 20

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். இரண்டு நாளாக இங்கே நல்ல மழை. புழுக்கம் குறைந்து குழந்தை ராத்திரியில் தூங்குகிறாள். முகம் பார்த்துச் சிரிக்கிறாள். அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறது, உப்பைக் குறைத்திருக்கிறோம். என் மனைவி உங்களை மிகவும் விசாரித்தாள். உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறோம், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

என்னை வேறு ஓர் இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கம்தான், சௌகரியமாக இருக்கிறது. நீங்கள் இருக்கும் ஆலை இடத்தில் அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நல்லபடியாக நடக்கட்டும்.

நீங்கள் எங்களோடு வந்து இருக்கலாமே என்று அம்மா கேட்கிறாள். முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறோம். குழந்தையும் இருக்கிறாள். எப்போது வருகிறீர்கள்?

தங்கள் அன்புள்ள
மருமகன்


ஜூன் 3

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் வந்தது. மழை, உப்பு, தைலம், கட்டில் எல்லாம் தெரிந்துகொண்டேன். நீ ஓர் ஆளைப் பற்றிக் கேட்கவில்லை. உனக்குக் கேட்க வாய் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு நானே சொல்கிறேன்.

போன வாரம் ரோலர் ஓட்டியவருடைய மனைவி வந்திருந்தாள். கம்பெனியில் எடுத்து வைத்திருந்த அவர் சாமான்களை வாங்கிக்கொண்டு போக. ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு துண்டு, ஒரு பக்கம் உடைந்த கண்ணாடி. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டவள் புறப்படவில்லை. கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

"நீங்கதானே அவர் சொல்ற அண்ணன்?"

"ஆமாம்மா."

"தினம் ராத்திரி நீங்க சொன்னதச் சொல்லித்தான் புள்ளைங்கள சிரிக்க வைப்பார்." பையின் வாயை முடிந்துகொண்டே, "நீங்க பக்கத்துல இருந்தீங்களாமே. ரொம்ப நேரம் ஆச்சா அண்ணே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அதை வெளியே எடுக்க முடியவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தேன். அதிகாரிக்கு உண்மையைச் சொன்ன அதே நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

பூமி சத்தமே போடவில்லை என்றேன். பஞ்சு மெத்தையில் சக்கரவர்த்தி சாய்கிற மாதிரி, ரோலர் மெதுவாக, மிக மரியாதையாக இறங்கியது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்து, "அண்ணே, டீ ஆறிடப் போகுது, என்னோடதையும் நீங்களே குடிச்சிடுங்க" என்றார். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வலி என்பது அங்கே வந்து சேர்வதற்கே நேரமில்லை. எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேலை முடிந்த மனிதர் போலத் தூங்கிப்போய்விட்டார்.

அவள் ஒவ்வொரு வார்த்தையையும் அப்படியே வாங்கிக்கொண்டாள். ஒன்றையும் குறைக்கவில்லை. சாவி என்றதும் முகத்தில் ஏதோ வந்தது. "வீட்டுலயும் அவர்தான் எல்லா லைட்டையும் அணைச்சிட்டுக் கடைசியா படுப்பார்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "நீங்களும் உடம்பப் பார்த்துக்கோங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டிலை மடித்து வைத்துவிடு. நான் இப்போது வரவில்லை. வந்தால் பேத்தி கதை கேட்பாள். அவளுக்கும் அக்காவுக்கும் உன் மனைவிக்கும் என் ஆசி.

அவளிடம் சொன்னது முழுக்கப் பொய். ஒரு சின்ன இடத்தைத் தவிர. அதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். ரோலர் கீழே போய் விழுந்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கொட்டகைக்கு ஓடி, சுருட்டி வைத்திருந்த கயிற்றை எடுத்து வந்து விட்டுப் பார்த்து, எட்டாமல் இன்னொரு கயிற்றைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. குனிந்து காதைக் கொடுத்தேன். மறுநாள் கிரேன் தூக்கியபோது சாவி அதன் துளையில் இல்லை, அவர் சட்டைப் பையில் இருந்தது. எஞ்சினை அவரேதான் அணைத்தார். அது மட்டும் நிஜம்.

மாமா